எட்டடி தூரத்தில் நின்ற மசோதா

சொல்லும்போதே வயிறு எரிகிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். நாடாளுமன்றத்தில் இருபத்தாறு வருடம் கடைநிலை ஊழியராக இருந்தவர் அவர். கீழவையில் முடிந்த காகிதத்தை மேலவைக்கும், மேலவையில் முடிந்ததைக் கீழவைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வேலை. கோப்பைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடப்பார். அதனால் 'தூதர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேலிதான், ஆனால் அவருக்கு உள்ளூரப் பெருமை.

மனைவிக்குப் பஞ்சாலையில் வேலை. பதினேழு வருடத் தூசி அவள் நெஞ்சில் குடியேறியிருந்தது. "இந்தத் தூசியிலயே நின்னாங்கன்னா நுரையீரல் தாங்காது" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வேலையை விட்டுவிடலாமே என்று நீங்களும் நானும் சுலபமாகச் சொல்லலாம். படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு அவள் எப்படி விடுவாள்?

அந்தச் சமயத்தில்தான் பஞ்சாலைத் தூசி மசோதா வந்தது. ஒவ்வொரு ஆலையும் தூசி உறிஞ்சும் இயந்திரம் வைத்தே ஆகவேண்டும் என்றது அது. அன்றிலிருந்து, ஊருக்குப் போன உறவுக்காரரை விசாரிப்பதுபோல அவள் தினமும் விசாரிப்பாள்.

"நம்ம மசோதா இன்னிக்கு எங்க இருக்கு?"

"முதல் வாசிப்பு முடிஞ்சுது. இப்ப குழுகிட்ட இருக்கு. வரி வரியா பிரிச்சு மேய்வாங்க. ரெண்டாம் வாசிப்புல ஒவ்வொரு பிரிவுக்கும் ஓட்டு, மூணாவதுல மொத்தத்துக்கும் ஓட்டு. அப்புறம் நான் மேலவைக்குத் தூக்கிட்டுப் போவேன். அங்கயும் இதே கூத்துதான்."

"அதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன் போலிருக்கே" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

மூன்று வருடம் இழுத்தது. கடைசியில் மேலவை நிறைவேற்றியபோது, இயந்திரம் வைக்கும் கெடு 'ஆறு மாதத்தில்' என்றிருந்ததை 'ஓராண்டில்' என்று மாற்றிவிட்டார்கள். ஒரு சொல் மாறினாலும் கீழவை மறுபடி சம்மதிக்க வேண்டும். அன்றைக்கோ கீழவையின் பதவிக்காலத்தில் கடைசி நாள்.

மேலவை அதிகாரி கோப்பைக் கையில் திணித்தார். "எல்லாக் கட்சியும் ஒத்துக்கிட்டாச்சு. நீங்க போய்க் கொடுத்தா ரெண்டே நிமிஷத்துல கையத் தூக்கி முடிச்சிடுவாங்க. இன்னிக்கு விட்டா சபையோட சேந்து இதுவும் காலாவதி. ஓடுங்க!"

ஓடினார். ஐம்பத்தைந்து வயதில் அந்தத் தாழ்வாரம் முழுக்க ஓடினார். கீழவைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே மரத்தடுப்பு, அதிலிருந்து எட்டடியில் செயலாளரின் மேஜை. உறுப்பினர் யாராவது பேசிக்கொண்டிருந்தால் தூது கொண்டுவந்தவர் தடுப்பைத் தாண்டக்கூடாது. செயலாளர் திரும்பித் தலையசைத்த பிறகுதான் போகவேண்டும். எழுதின விதி இல்லை, வழக்கம்.

அன்று மூத்த உறுப்பினர் ஒருவர் விடைபெறும் உரை ஆற்றிக்கொண்டிருந்தார். உணவுக்கூடத்துத் தேநீர் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று உருகிக்கொண்டிருந்தார் மனிதர். செயலாளர் முதுகைக் காட்டிக்கொண்டு அதை ரசித்துக்கொண்டிருந்தார். தூதர் நின்றார். பத்து நிமிடம், இருபது நிமிடம்.

கதவுக் காவலருக்கே பொறுக்கவில்லை. "அண்ணே, சும்மா போய் மேஜையில வெச்சிட்டு வாங்கண்ணே."

"பேசிட்டிருக்காருப்பா. நடுவுல நுழையக்கூடாது."

"கடைசி நாள்ல யாருண்ணே கேக்கப்போறா?"

"இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவ நுழைஞ்சதில்ல." அதைச் சொல்லும்போதுகூட அவர் குரலில் அந்தப் பாழாய்ப்போன பெருமை இருந்தது.

பேச்சு முடிந்தது. காலை எடுத்து வைத்தார். அதே நொடியில் அவைத்தலைவர் எழுந்தார். அவைத்தலைவர் நிற்கும்போது சபையில் யாரும் அசையக்கூடாது. எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது."

உறுப்பினர்கள் கட்டிப்பிடித்துப் படமெடுத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார்கள். அப்போதுதான் செயலாளர் திரும்பிப் பார்த்தார். "அடடா, எப்ப வந்தீங்க?"

"நாப்பது நிமிஷமாச்சுங்க ஐயா."

செயலாளர் கோப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஒரு குரல் குடுத்திருக்கக்கூடாதா மனுஷா?"

சாயங்காலமே சபை கலைந்தது. இனித் தேர்தல் நடந்து, புதுச் சபை கூடி, யாராவது மனது வைத்துக் கொண்டுவந்தால் மறுபடி முதல் வாசிப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

வீட்டில் அவள் வாசலுக்கே வந்துவிட்டாள். "குடுத்துட்டீங்களா?"

நடந்ததைச் சொன்னார். அவளுக்கு ஒன்றுதான் விளங்கவில்லை.

"கதவு சாத்தியிருந்துச்சா?"

"இல்ல. திறந்துதான் இருந்துச்சு."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். "சரி, கைகால் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றாள்.

மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்கு, வாயில் துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். கதவைத் திறந்துவிட்டது அவர்தான்.