அம்மாவின் நேர்த்தியும் என் புள்ளிவிபரவியலும்

சென்ற வாரம் அம்மாவைப் பயிற்சிச் சிகிச்சைக்குக் கூட்டிப் போனேன். போன வருடம் ஒரு முழங்கால் மாற்றினார்கள், இந்த வருடம் மற்றது. அந்த அறையின் மூலையில் ஒரு மரப்படிக்கட்டு இருந்தது. நாலே படி, எங்கேயும் போகாத படிக்கட்டு. ஏறிப் பழகுவதற்கென்று செய்து வைத்தது. அப்போதுதான் யாரோ தரை துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள், எலுமிச்சை மணம். அந்த மணம் மூக்கில் ஏறினால் எனக்கு வேறு ஒன்றும் நினைவு வராது, அம்மாவின் நீலச் சீருடைதான் வரும்.

மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் அம்மா பன்னிரண்டு வருடம் விமானங்களுக்குள் துப்புரவு வேலை செய்தார். வந்த விமானம் திரும்பக் கிளம்புவதற்குள் முழங்காலில் தவழ்ந்து இருக்கைகளின் அடியெல்லாம் பார்க்க வேண்டும். ஒற்றைச் சொக்ஸ், பிஸ்கற் துண்டு, ஒருமுறை யாரோ கழற்றி வைத்த பல் செட் கூட. முழங்காலில் கட்டுவதற்குக் கறுப்பு மெத்தைகள் இரண்டு கொடுத்திருந்தார்கள். வேலை இல்லாத நாட்களில் அவை எங்கள் கதவடியில் சப்பாத்துகளோடு கிடக்கும். அந்த மெத்தைகளை மறந்துவிடாதீர்கள், பிறகு வரும்.

கனடாவில் எங்கள் கியூபெக் மாகாணத்தில் படிப்பு மூன்று தரம் முடியும். பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடியும். பிறகு செஜெப் என்று இரண்டு வருடம். அதற்கும் பிறகுதான் பல்கலைக்கழகம். அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. வீட்டில் அவரும் நானும்தான், விளக்கிச் சொல்ல வேறு ஆளும் இல்லை. நான் பள்ளிக்கூடம் முடித்த அன்று, லாசாலில் நாங்கள் இருந்த கட்டிடத்தின் மூன்று மாடிக்கும் கேசரி கொடுத்தார். "இன்னும் இருக்கம்மா" என்றேன். செஜெப் முடிந்தபோது திரும்பவும் ரவை வறுக்கத் தொடங்கினார். நான் திரும்பவும் அதையே சொன்னேன்.

"எத்தனை தரமடி முடிப்பாய்? ஊரில ஒருக்கா முடிச்சா முடிச்சதுதான்."

அந்த எரிச்சலிலோ என்னவோ, நான் பல்கலைக்கழகத்தில் கால் வைத்த கிழமையே நேர்த்தி வைத்துவிட்டார். நாங்கள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். மொன்றியலில் மலைச்சரிவில் சூசையப்பருக்கு ஒரு பெரிய கோயில் இருக்கிறது. அதற்கு ஏறும் படிகளின் நடுவே ஒரு வரிசை மரப்படி, முழங்காலில் ஏறுகிறவர்களுக்கு மட்டும். நூற்றுக்கு ஒன்று குறைவு. மகள் பட்டம் எடுத்தால் அவ்வளவையும், படிக்கு ஒரு செபமாக, முழங்காலில் ஏறுவதாகச் சொல்லிவிட்டார்.

நான் உயிரிரசாயனம் படித்தேன். படித்தேன் என்பது கொஞ்சம் கூடிய சொல். கடைசித் தவணையில் புள்ளிவிபரவியல் வந்து சேர்ந்தது. அந்தப் பாடத்துக்கும் எனக்கும் பிறவிப் பகை. ஆனாலும் சோதனை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து வீறாப்பாக, "எல்லாம் பாஸ்தானம்மா, இனிப் படிப்பு இல்லை" என்றேன். பெறுபேறு வர இன்னும் ஒரு கிழமை இருந்தது. அம்மா கலண்டரைப் பார்த்தார்.

"பனியும் கரைஞ்சிட்டுது. வாற சனி எனக்கு லீவு. நேத்தியை முடிச்சிட்டு வருவம்."

அப்போதெல்லாம் பெறுபேறு கேட்க ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தது. மாணவர் எண்ணை அமுக்கினால் பதிவு செய்த பெண் குரல் ஒன்று பாடம் பாடமாகப் பிரெஞ்சில் வாசிக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் மெட்ரோ நிலையத்துக் காசுத் தொலைபேசியில் கேட்டேன். நாலு பாடம் சித்தி. ஐந்தாவதான புள்ளிவிபரவியலுக்கு, பெயில் என்று சுகம் விசாரிக்கிற மாதிரிச் சொன்னது. மூன்று தரம் அமுக்கிக் கேட்டேன், மூன்று தரமும் அதே அன்பு. வீட்டுக்குப் போனால் அம்மா கோயிலுக்கு உடுக்கும் சேலையை அயர்ன் பண்ணிக்கொண்டு நிற்கிறார். சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை அம்மா மரப்படியில், நான் பக்கத்துச் சீமெந்துப் படியில். பைக்குள் அந்த மெத்தைகளைக் கொண்டு போயிருந்தேன். கட்டச் சொல்லி நீட்டினால் கையைத் தட்டிவிட்டார்.

"மெத்தை போட்டு ஏறினா அது நேத்தியோ? உனக்கென்ன விசரோ?"

பத்தாம் படியில் வியர்த்துவிட்டது. இருபதில் கைபிடியைப் பிடித்தார். வாரத்தில் ஐந்து நாள் தவழ்ந்து தேய்ந்த முழங்கால்கள் அவை. நான் எடுக்காத பட்டத்துக்காக ஏறிக்கொண்டிருந்தன. பாதியில் ஒரு சமதளம் வரும். அதில் அம்மா மூச்சு வாங்க நின்றபோது என்னால் தாங்க முடியவில்லை, அழுதுவிட்டேன்.

"அம்மா, நான் ஒரு பாடம் பெயில். இன்னும் முடிக்கேல்லை. எழும்புங்கோ, வீட்டை போவம்."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு ஏறி வந்த படிகளைப் பார்த்தார்.

"எப்ப தெரியும்?"

"நேற்று."

"நேற்றுச் சொல்லியிருந்தா நான் இண்டைக்கு மீன் வாங்கப் போயிருப்பன்." கையை நீட்டினார். "எடு அந்த மெத்தையை."

"ஏனம்மா?"

"நடுவில இறங்க ஏலாது. ஆனா நீ அரையும் குறையுமா முடிச்சதுக்கு நான் ஏன் முழுசா நோகோணும்?"

மெத்தைகளைக் கட்டிக்கொண்டு மிச்சப் படிகளை ஏறினார். பக்கத்தில் முழங்காலில் வந்த ஒரு வெள்ளைக்காரர் அவற்றை ஆசையோடு பார்த்தார். மேலே போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு அம்மா சொன்னது இவ்வளவுதான்: "ஓகஸ்டுக்குள்ள முடி. அவருக்குச் சொல்லிப்போட்டன்."

கூடப் படித்தவர்கள் சென்ட் லோரன்டில் மருந்துக் கம்பனிகளில் வேலைக்குச் சேர்ந்துவிட, நான் யன்னல் இல்லாத வகுப்பில் கோடை முழுக்க இருந்தேன். அம்மா விடிய வேலைக்குப் போகும்போது என் கதவில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். சூசையப்பருக்குத் தவணை சொல்லியாயிற்று, வேறு என்ன செய்வது! ஓகஸ்டில் அதே குரல் சித்தி என்றது, மயிரிழையில். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "ம்" என்றார். கேசரி இல்லை, ஒன்றும் இல்லை. எனக்குச் சரியான கவலையாகப் போய்விட்டது.

மறுநாள் வேலையால் இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்தார். சீருடையைக்கூட மாற்றாமல் கதிரையில் இருந்து முழங்காலுக்குத் தைலம் பூசினார். இரண்டும் கண்டிப்போய், தோல் உரிந்து கிடந்தன.

"எங்கையம்மா போனனீங்கள்?"

"மெத்தை போட்டு ஏறினதைச் சூசையப்பர் கணக்கில எடுத்திருப்பாரோ எண்டு எனக்கு ஒரு ஐமிச்சம். மேல் பாதியைத் திரும்ப ஏறிட்டு வந்தனான்."

சொல்லிவிட்டு நொண்டி நொண்டிப் போய் ரவை வறுத்தார். நான் குசினி வாசலில் நின்று குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன்.

சிகிச்சை அறையில் அம்மா இரண்டு படி ஏறி நின்றுவிட்டார். "மிச்சத்தையும் ஏறுங்கோ" என்றேன்.

"இது ஆருடைய சோதனைக்கு?"

"உங்கடைதான்."

சிரித்தார். பிறகு, "கழட்டின முழங்காலை என்ன செய்தவையாம்? அந்தப் பிள்ளையைக் கேள்" என்றார். பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் பிரெஞ்சில் கேட்டேன். அந்தப் பெண் கொஞ்சம் சங்கடப்பட்டு, ஆஸ்பத்திரிக் கழிவோடு எரித்துவிடுவார்கள் என்றாள். அதை அப்படியே அம்மாவுக்குச் சொன்னேன். "சரி" என்று மூன்றாம் படியில் காலை வைத்தார்.

பெறுபேறு வாசித்த அந்தக் குரல் இப்போது இல்லை, மெட்ரோவில் காசுத் தொலைபேசியும் இல்லை. சான்றிதழ் என் மேசை லாச்சியில் பத்திரமாகக் கிடக்கிறது. அதை எடுத்துத் தந்த முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன.