கருப்பர் நிறுத்தும் வண்டி

வண்டி நின்றுபோனால் மனிதர்கள் அதிர்ச்சியடைவது வழக்கம். எங்கள் பெரியப்பாவின் வண்டி ஒருநாள் நிற்காமல் போனது. எங்கள் குடும்பத்துக்கு அதிர்ச்சி அப்போதுதான் வந்தது.

அது பெட்ரோலில் ஓடும் பழைய சிறிய லாரி. ஏதோ ஓர் அரசு இலாகா கழித்துப் போட்டதைப் பெரியப்பா ஏலத்தில் எடுத்திருந்தார். ஊரில் அதற்கு ஏலவண்டி என்று பெயர். குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரிலிருந்து கத்தரிக்காயும் பச்சை மிளகாயும் ஏற்றிக்கொண்டு விராலிமலைக்குப் போகும். வழியில் நீளமாக ஒரு மேடு உண்டு. மேட்டின் உச்சிக்குச் சற்று முன்னால் மண்குதிரைகளோடு கருப்பர் கோயில். சுமையோடு ஏறிவரும் வண்டி கோயிலுக்கு நேராக வந்ததும் இருமிவிட்டு அணைந்துபோகும். பெரியப்பா இறங்கித் தேங்காய் உடைப்பார், சூடம் கொளுத்துவார், திருநீற்றைப் பூசிக்கொண்டு வேப்பமரத்தடியில் கண்மூடி உட்கார்ந்திருப்பார். பிறகு சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி கிளம்பும்.

முதல்முறை நின்றபோது பெரியப்பா குடித்திருந்தார். அந்த நாட்களில் அவர் குடித்திருந்தார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்பார்கள். சாவியைத் திருப்பிப் பார்த்தார், சக்கரத்தை உதைத்துப் பார்த்தார், கடைசியில் கருப்பர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து இனிமேல் தொடமாட்டேன் என்று அழுதார். அழுது எழுந்ததும் வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த நடையிலும் அதே இடத்தில் நின்றது. அன்று அவர் குடிக்கவில்லை. அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது.

"சத்தியம் பண்ணுனா சும்மா விட்ருவாரா? ஒவ்வொரு நடைக்கும் வாயை மோந்து பாத்துட்டுத்தான் அனுப்புவாரு."

அப்படிச் சில வருடங்கள் போயிருந்தன. பெரியப்பா குடித்து நான் பார்த்ததாக நினைவில்லை. பெரியம்மாவின் முன்கையில் ஒரு நீளமான தழும்பு இருந்தது. கேட்டால், கஞ்சி கொட்டிவிட்டது என்பாள். கஞ்சி அப்படி நேர்கோட்டில் கொட்டுமா என்று கேட்கத் தெரியாத வயது எனக்கு.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் சித்தப்பா குவைத்திலிருந்து விடுமுறையில் வந்தார். அங்கே ஒரு பட்டறையில் அவர் மெக்கானிக். கருப்பர் கதையைக் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை. சூட்டோடு அணைகிறதா, ஆறினால் கிளம்புகிறதா என்று மட்டும் கேட்டார். மறுநாள் திருச்சிக்குப் போய்ச் சிறிய அட்டைப்பெட்டி ஒன்றோடு வந்தார்.

பெரியப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த மத்தியானத்தில் சித்தப்பா வண்டியின் பானட்டைத் திறந்தார். நான் பக்கத்தில் நின்று ஸ்பேனர்களை எடுத்துக்கொடுத்தேன். உள்ளே டம்ளர் அளவில் ஒரு தகர உருளை. அதன் தலையில் கறுப்பாக ஒரு கொண்டை. இரண்டு மெல்லிய ஒயர்கள், கொண்டையிலிருந்து ஒரு தடித்த ஒயர். இதுதான் காயில், பெட்ரோல் பற்றுவதற்குப் பொறியைக் கொடுப்பது இது, சூடேறினால் பொறி கொடுக்காமல் செத்துப்போகிறது என்றார் சித்தப்பா. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். பொறி வருகிறதா என்று பார்க்கத் தடித்த ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். "யாத்தே!" என்று அலறிப் பின்னால் போய் விழுந்தார்.

"கருப்பரு அடிச்சிட்டாரா சித்தப்பா?"

"கருப்பரு இல்லடி, கரண்டு," என்று கையை உதறினார். "அண்ணன்கிட்ட இப்பச் சொல்லாதே. நாளைக்கு வண்டி நிக்காமப் போகட்டும். டீக்கடையில வச்சு நானே சொல்றேன். மூஞ்சி எப்புடி இருக்குன்னு பாப்போம்."

பழைய காயிலை எனக்கு விளையாடக் கொடுத்தார். அதற்குச் சாக்பீசால் கண் வரைந்தேன், துணி சுற்றினேன். கொண்டை ஏற்கெனவே இருந்தது. அன்று இரவு அது என் பக்கத்தில் உறங்கியது.

மறுநாள் வண்டியில் நானும் இருந்தேன். சித்தப்பா பின்னால் மூட்டைகள் மேல். மேட்டில் ஏறினோம், கோயில் வந்தது, பெரியப்பா பழக்கத்தில் வண்டியை ஓரங்கட்டினார். இஞ்சின் அணையவில்லை. அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். கோயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"உத்தரவு ஆயிருச்சு," என்றார்.

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் லேசில் வாயில் வராது. சாமியிடம் பூக்கட்டிப் போட்டுப் பார்த்தோ சாமியாடியின் வாயால் கேட்டோ பெறவேண்டியது அது. பெரியப்பாவுக்கு இஞ்சினின் வாயால் கிடைத்துவிட்டது. விராலிமலை டீக்கடையில் அவரே முந்திக்கொண்டார். "எந்திரிச்சுப் போடா, ஒந் தண்டனை முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டாரு கருப்பரு!" கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சித்தப்பா பேச வாயைத் திறந்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். டீயை உள்ளே ஊற்றிக்கொண்டார்.

அன்று அந்தி சாய்கிற நேரத்தில் தெருமுனையில் பெரியப்பா பாடும் சத்தம் கேட்டது. நான் பெரியம்மா வீட்டில் இருந்தேன். அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பாட்டுக் கேட்டதும் கை நின்றது. எழுந்து, முதலில் அரிவாள்மனையைக் கொண்டுபோய் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்தாள். அடுத்து உலக்கையை. பிறகு என் கையைப் பிடித்து இழுத்துவந்து பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குள் தள்ளிவிட்டுத் திரும்பிப் போனாள். எதை முதலில் எடுக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். சித்தப்பாவும் அப்பாவும் அங்கே ஓடினார்கள். காலையில் பெரியம்மாவின் உதடு வீங்கியிருந்தது. நிலைப்படி இடித்துவிட்டது என்றாள்.

அந்த வாரம் நிலைப்படி இன்னொரு முறையும் இடித்தது. அதன் பிறகுதான் பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, சித்தப்பா வண்டியில் என்ன செய்தார் என்று கேட்டாள். பார்த்ததைச் சொன்னேன். அவள் நேராகச் சித்தப்பாவிடம் போனாள்.

அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "நான் அண்ணன்கிட்ட உண்மையைச் சொல்லிர்றேன் அண்ணி. நிப்பாட்டுனது கருப்பரு இல்ல, காயிலுதான்னு," என்றார்.

"சொல்லுங்க தம்பி. சொல்லிட்டா அப்பறம் அவரு யாருக்குப் பயப்படுவாரு? ஒங்களுக்கா?"

பெரியம்மா அவர் முன்னால் கையை நீட்டினாள்.

"பழசு எங்க?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். என் குழந்தை என் இடுப்பில் இருந்தது. தரமாட்டேன் என்று அழுதேன். பெரியம்மா அதை வாங்கித் துணியை அவிழ்த்து, சாக்பீஸ் கண்களை முந்தானையால் துடைத்துவிட்டுக் கொடுத்தாள்.

பெரியப்பா போதையில் உறங்கிய மத்தியானத்தில் பானட் மறுபடி திறந்தது. பெரியம்மா வாசலில் காவல் நின்றாள். குவைத்தில் வண்டிகளைப் பழுது பார்ப்பவர் எங்கள் தெருவில் ஒரு வண்டியைப் பழுதாக்கிக்கொண்டிருந்தார்.

"நல்லதைக் கழட்டிட்டு யாராச்சும் கெட்டதை மாட்டுவாங்களா சித்தப்பா?"

"வாயை மூடிட்டு ஸ்பேனரை எடு," என்றார். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். கோடை மழைக்கு மேகம் கூடியிருந்தது. "ஒண்ணு சொல்றேன் அண்ணி. இப்புடிக் குளுந்து கெடந்தா நாளைக்குக் காயிலு சூடேறுமான்னு தெரியல. நின்னாலும் எந்த எடத்துல நிக்கும்னு என்னால சொல்ல முடியாது."

மறுநாள் பெரியம்மாவும் வண்டியில் ஏறினாள். மலைக்கோயிலுக்கு ஒரு வேண்டுதல் என்று சொல்லிக்கொண்டாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது, காற்று ஈரமாக அடித்தது. பெரியப்பாவிடம் முந்தின நாள் வாடை போகவில்லை. மேட்டில் வண்டி சீராக ஏறியது. பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். குதிரைகள் தெரிந்தன. வேப்பமரம் வந்தது. கோயில் வந்தது. இஞ்சின் ஓடியது. கோயில் பின்னால் போனது. பெரியப்பா ஒரு கையால் கும்பிடு போட்டுவிட்டுச் சிரித்தார். பெரியம்மாவின் பிடி இறுகி என் வளையல் ஒன்று உடைந்தது.

அப்போது வண்டி இருமியது. இன்னொரு முறை இருமி அணைந்தது. சரிவில் பின்னோக்கி உருண்ட வண்டியைப் பெரியப்பா பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது, அது கோயிலுக்கு நேராக நின்றிருந்தது.

பெரியப்பாவின் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். "தாண்டிப் போகவிட்டு இழுத்துப் புடிச்சிட்டாரே," என்றார். இறங்கி, சேற்றில் அப்படியே விழுந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் மூட்டை மேல் இருந்த சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கண் கொட்டாமல் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேங்காய் உடைந்தது, சூடம் எரிந்து அணைந்தது. பெரியப்பா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தார். பெரியம்மா மட்டும் தூறலில் நனைந்தபடி கருப்பர் முன்னால் நின்றாள். கை கூப்பியிருந்தது, கண்கள் மூடியிருந்தன, உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே இருப்பது என் பொம்மை என்று அவளுக்குத் தெரியும். கண்ணைத் துடைத்துக் கொடுத்தவளே அவள்தான். பிறகு இவ்வளவு நேரமாக யாரைக் கும்பிடுகிறாள் என்று கேட்க நினைத்தேன். பசித்தது, தேங்காய்ச் சில்லு ஒன்றை எடுத்துக் கடித்தேன்.