பானெட்டின் நடுவில் ஒரு கொடிக்கம்பி

காலை ஐந்து நாற்பது. கிருஷ்ணகிரி தாண்டிய நெடுஞ்சாலையில், முன்சீட்டிலிருந்து நான் முதலில் பார்த்தது ஒரு கருப்புக் கோடு. பானெட்டின் இடது ஓரமும் மட்கார்டும் சேருமிடத்தில் அது அகன்றது, சுருங்கியது, மறுபடி அகன்றது. வேகமானியின் முள் எழுபதில் நின்றது. சற்று நேரத்தில் பானெட் முழுவதும் தகரக் கூரைபோல் படபடக்கத் தொடங்கியது. அம்மா ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். முள் அறுபதுக்கு இறங்கியதும் ஆட்டம் நின்றது.

“பாத்தியா?” என்றார் அம்மா.

“பாத்தேன்.”

“நீ பேப்பர்காரன். பாத்தத நெனப்புல வச்சுக்க. வூட்ல நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.”

சேலத்தில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த புதிது அது. எண்பதுகளின் நடுப்பகுதி. விடுமுறையில் எங்கள் ஊரான நல்லம்பள்ளிக்கு வந்திருந்தேன். பின்சீட்டிலும் டிக்கியிலும் பட்டுக்கூடு நிரப்பிய சாக்குகள். எங்கள் மல்பெரித் தோட்டமும் புழு வளர்க்கும் கொட்டகையும் அம்மாவின் பொறுப்பு. கூடு விளைந்துவிட்டால் காத்திருக்காது. உள்ளிருக்கும் புழு பூச்சியாகி ஓட்டை போட்டு வெளியே வந்தால் நூல் அறுந்துபோகும். சாக்கில் அடைபட்டுச் சூடேறினாலும் கெடும். அதனால் காரின் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, விடியும் முன் கிளம்பி, கர்நாடகப் பக்கம் ராமநகரத்து ஏலத்துக்குப் போவார். அன்று அறுபதைத் தாண்டாமல் ஓட்டிப் போய்ச் சேர்ந்தபோது பெரிய வியாபாரிகள் ஏலத் தட்டுகளை விட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். மிச்சம் நின்றவர்கள் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தோம்.

கார் வாங்கியது அந்தப் பட்டுக்கூட்டு வருமானத்தில். பதிவு அப்பாவின் பெயரில். அப்பா ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர். கார் வந்த வாரமே பானெட்டின் முன்முனையில், சரியாக நடுவில், ஓட்டை போட்டு எவர்சில்வர் கொடிக்கம்பி பொருத்தினார். கட்சிக்காரர் யாராவது ஓட்ட, அவர் காரில் போனால் கொடி பறக்கும். இல்லாதபோது கொடியைச் சுருட்டி அதன்மேல் ரெக்சின் உறை மாட்டிவிட வேண்டும். தலைவர் இல்லாத காரில் கொடி பறக்கக் கூடாது என்பது கட்சிக்காரர்களின் முறை. அம்மா ஓட்டும்போதெல்லாம் அந்தக் கம்பி தடித்த உறையோடு கதர்த்துணி சுற்றிய உலக்கைபோல் கண்ணுக்கு நேரே நின்றது.

தருமபுரியில் ஒரு பயிற்சிப் பள்ளியில் கற்று, முறையாக உரிமம் வாங்கியவர் அம்மா. மாவட்டத்தில் கார் ஓட்டிய பெண்கள் வேறு யாரும் இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததில்லை. பெட்ரோல் பங்க்கில் அவர் இறங்கினால் லாரிக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அம்மா அவர்களைத் திருப்பிப் பார்ப்பார். அவர்கள்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

பானெட் ஆடுகிறது என்று அவர் சொன்னபோது வீட்டு முற்றத்தில் அப்பாவோடு கட்சிக்காரர்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“நான் போறப்ப ஒரு நாளும் ஆடலையே,” என்றார் அப்பா.

“அண்ணி ஏறுனதும் வண்டிக்கு ஒதறல் எடுக்குதுங்க போல,” என்றார் ஒருவர்.

“உனக்கும் எடுக்குமா? வந்து ஒக்காரு, பாக்கலாம்,” என்றார் அம்மா. மற்றவர்கள் சிரித்தார்கள். கேலி செய்தவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஒர்க்ஷாப்புக்கு வண்டி போயிற்று. தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டிங்கர் வேலை செய்துவந்த பாய், பானெட் உட்காரும் ரப்பர் கட்டைகளை மாற்றினார். அடுத்த ஏலத்துக்குப் போனபோது எழுபதில் ஆடியது. பூட்டுக் கொக்கியை இறுக்கிக் கொடுத்தார். ஆடியது. ஸ்பிரிங்கை மாற்றினார். அப்போதும் ஆடியது. அடுத்த முறை பட்டறைக்கு நானும் கூடப் போயிருந்தேன். அம்மா பானெட்டைத் தூக்கி நிறுத்தி, உட்புறம் விரலால் தடவிப் பார்த்தார். தகட்டுக்கு விறைப்புத் தரும் குறுக்குப்பட்டை ஒன்று ஓரம் முதல் ஓரம் வரை ஓடியது. நடுவில் ஒரு சாண் அளவுக்கு அது இல்லை. அந்த இடைவெளியில் கொடிக்கம்பியின் நட்டு இருந்தது.

“பாய், இந்தப் பட்டய யாரு அறுத்தது?”

“நான்தாங்க்கா. நட்டு உள்ள எறங்கோணும்ல.”

“அப்ப ஆடுறது இதனாலதானே?”

பாய் கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டார். தெருவை ஒருமுறை பார்த்தார்.

“அக்கா, ரப்பர் மாத்தச் சொன்னீங்க, மாத்துனேன். கொடியில கைய வையின்னு தலைவரு சொல்லட்டும், வக்கிறேன். இல்லாட்டி நாளைக்கு என் கட முன்னாடி கூட்டம் நிக்கும்.”

“கம்பியக் காத்து புடிச்சு ஆட்டுதா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

“நான் ஒண்ணும் சொல்லலீங்க,” என்றார் பாய். ஆனால் பேசிக்கொண்டே கம்பியின் நுனியைப் பிடித்து லேசாக அசைத்தார். பானெட்டின் இரண்டு ஓரங்களும் சேர்ந்து அசைந்தன.

அன்று மாலை அப்பா முடிவைச் சொன்னார். முற்றத்தில் அதே ஆட்கள். “நாளைக்குப் பானெட்டு பிச்சுக்கிட்டுக் கண்ணாடியில அடிச்சா, செயலாளர் சம்சாரம் ஆக்ஸிடெண்டுன்னு ஊரெல்லாம் பேசும். இனிமே ஒரு தடவ ஆடிச்சுன்னா சாவிய எங்கிட்ட குடுத்துடு. நம்ம பையன் ஒருத்தன டிரைவராப் போட்டுக்கறேன். பட்டுக்கூட்ட வூட்டுக்கு வர்ற தரகர்கிட்ட போடு.”

தரகர் எவ்வளவு குறைந்த விலைக்கு எடுப்பார் என்பது அந்த முற்றத்தில் எல்லாருக்கும் தெரியும். அம்மா கேட்டது விலையைப் பற்றி இல்லை.

“கம்பிய எடுத்துட்டு ஓட்டிப் பாக்கறேன். ஆடுனா சாவி ஒங்களுது.”

“கொடிய எடுக்கறதா?” அப்பாவின் குரல் தாழ்ந்தது. “எந்த வூட்ல இருந்துக்கிட்டுப் பேசற?”

“எந்த வண்டியில போறோம்னுதான் பேசறேன். நாளைக்குக் காலையில நீங்க ஏறுங்க. கொடிய ஒறையில போடாதீங்க, பறக்கட்டும். நான் ஓட்டறேன்.”

அத்தனை பேர் முன்னால் மறுத்தால் பயந்தவர் ஆகிவிடுவார். அப்பா சரி என்றார்.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். வெள்ளைச் சட்டையில் முன்சீட்டில் அப்பா. பின்னால் நான். ஊரைக் கடக்கும்வரை அம்மா அப்பாவின் வழக்கப்படியே நாற்பதில் ஓட்டினார். டீக்கடையில் நின்றவர்கள் கொடியைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார்கள். அப்பாவும் ஜன்னலில் கை வைத்தபடி கும்பிட்டார். அவர் பயணங்கள் எல்லாமே இப்படித்தான். கொடி பறந்தால் ஆட்கள் பார்க்க வேண்டும், பார்த்தால் கும்பிட வேண்டும், திருப்பிக் கும்பிட நேரம் வேண்டும். கார் வாங்கிய நாளிலிருந்து அவர் இருந்த வண்டி ஐம்பதைத் தொட்டதில்லை. அவர் போகும்போது ஏன் ஆடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நெடுஞ்சாலை வந்ததும் அம்மா தொப்பூர் பக்கம் திருப்பினார். நேர்ச்சாலை. முன்னால் வண்டி இல்லை. ஐம்பது. அறுபது. கொடி சடசடத்தது. அறுபத்தைந்தில், நான் முன்பு பார்த்ததைவிடச் சீக்கிரமாகவே, ஓரத்துக் கருப்புக் கோடு திறந்து மூடியது. எழுபதில் கம்பி பின்னோக்கிச் சாய்ந்து நிமிர, அதோடு பானெட் எழுந்து எழுந்து விழுந்தது. அப்பா இரண்டு கைகளாலும் டேஷ்போர்டைப் பிடித்தார்.

“மெதுவா போ.”

“ஆட்டறது யாருங்க? நானா?”

“மெதுவா போன்னு சொல்றேன்ல.”

“பதில் சொல்லுங்க, மெதுவா போறேன்.”

அம்மா வேகத்தைக் குறைக்கவில்லை. தகரம் அடிக்கும் சத்தத்தில் சிறிது தூரம் அப்படியே போனோம். கடைசியில் அப்பா, “கம்பிதான்,” என்றார். அம்மா வேகத்தைக் குறைத்து ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, பானெட்டைத் திறந்து, நட்டைக் கழற்றினார். கம்பியைக் கொடியோடு உருவி அப்பாவின் மடியில் வைத்தார். பானெட்டை மூடி, உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

எழுபது. எழுபத்தைந்து. எண்பதில் அந்தக் கோட்டைப் பார்த்தேன். மிக மெல்லிய ஒரு நடுக்கம் இருந்தது. அறுந்த பட்டையின் நடுக்கம். எழும்பல் இல்லை, சத்தம் இல்லை. அம்மா எண்பத்தைந்து வரை போனார். அப்பா மடியில் இருந்த கம்பியை நிமிர்த்திப் பிடித்திருந்தார். கொடி கூரையில் இடித்தது.

திரும்பும்போது, ஊர் எல்லை வருமுன் அவர் சொன்னார்: “ஊருக்குள்ள மாட்டிக்கலாம். நெடுஞ்சாலையில கழட்டிக்க.”

“வாரம் ரெண்டு தடவ கழட்டி மாட்ட நான் மெக்கானிக் இல்லீங்க. பட்டய ஒட்ட வைக்கணும். ஓட்டய அடைக்கணும்.”

“அப்ப கொடி?”

“மட்கார்டுல வச்சுக்கங்க.”

“மட்கார்டுல வார்டு மெம்பர் வைப்பான். செயலாளருக்கு நடுவுலதான்.”

“அப்ப நடுவுல ஒக்காந்து கையில புடிச்சுக்கங்க.”

“எறக்கி வுடு என்ன.”

அம்மா நிறுத்தினார். அப்பா கதவைத் திறந்தார். எதிரே டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கையில் கொடியோடு நடந்து போக வேண்டியதை அவர் யோசித்திருக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் அம்மா வண்டியைப் பாயிடம் விட்டார். பாய் தயங்கினார். “தலைவரு சொன்னாரா?” என்று கேட்டார். “வண்டிய ஓட்டறவ சொல்றேன்,” என்றார் அம்மா. அப்பாவின் ஆட்கள் இரண்டு பேர் வந்து எதிர்ச்சாரியில் நின்றார்கள். அம்மா ஒரு ஸ்டூலை வாங்கிப் பட்டறை வாசலில் போட்டு, அவர்களுக்கும் வண்டிக்கும் நடுவில் உட்கார்ந்தார். வெல்டிங் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. பாய் அறுபட்ட இடத்தில் புதிய பட்டை வைத்துப் பற்றவைத்தார். ஓட்டைக்குத் தகடு அடைத்துத் தேய்த்து, கருப்புப் பெயின்ட் அடித்தார். எதிரே நின்ற இருவரும் இரண்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அந்த வியாழக்கிழமை சேலத்தில் கட்சியின் மண்டலக் கூட்டம். அதே நாளில் ஏலம். அப்பா பேருந்தில் போனார்.