லோடு ஏற்றச் சொன்ன கால்

எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாவதோடு படிப்பு நின்றது. சிங்கப்பெருமாள் கோயிலில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். ஓடுகிற பிள்ளைக்குக் கால் எலும்பில் விரிசல் என்று கேட்டுத் திகைத்து நிற்கும் பெற்றோருக்காக இது.

என் மகள் ரேவதி கல்லூரியில் நானூறு மீட்டர் ஓடுபவள். முதலில் ஓடும்போது மட்டும் முழங்காலுக்குக் கீழே வலித்தது. பிறகு படி இறங்கும்போதும் வலித்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேன் பார்த்துவிட்டு, ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (அடிபடாமலே, ஓயாத ஓட்டத்தால் எலும்பில் விழும் மெல்லிய விரிசல்) என்றார் செங்கல்பட்டில் பார்த்த டாக்டர். லோடு குறைக்கச் சொன்னார்.

எங்கள் தொழிலில் லோடு ஏற்றியிருக்கும், அல்லது இறக்கியிருக்கும். நான் முழுசாக இறக்கிவிட்டேன். குடம் தூக்க விடவில்லை. தெருமுனைக் கடைக்குக்கூட நடக்க விடவில்லை.

ஆறு வாரம் கழித்து மறுபடி போனபோது டாக்டர் அவள் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். சதை வற்றியிருந்தது. நடக்கவே வேண்டாம் என்று யார் சொன்னது என்று கேட்டார். நம் உடம்பின் எடையும் லோடுதானாம். பிசியோதெரபி (பயிற்சி கொடுத்து உறுப்பைத் தேற்றும் சிகிச்சை) பார்க்கும் பெண்ணிடம் அனுப்பினார்.

"லோடு ஏத்தினாத்தாண்ணா எலும்பு கெட்டியாகும். கொஞ்சங்கொஞ்சமா ஏத்தணும்" என்றார் அந்தப் பெண். விளையாட்டு வீரர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிகளும் அதைத்தான் சொல்கின்றனவாம்.

எனக்குப் புரியவில்லை. விரிசல் விட்ட வண்டி அச்சுமேல் யாராவது லோடு ஏற்றுவார்களா என்று வீட்டில் வந்து கேட்டேன்.

"அச்சு தானா கூடுமா நைனா? இது என் காலு. கூடிக்கினு வருது" என்றாள் ரேவதி.

தோளில் எடை வைத்துப் பயிற்சி செய்ய அந்தப் பெண் சொல்லியிருந்ததால், ரேவதி ஓடிப் பழகிய திருவிடந்தைக் கடற்கரையில் மணல் அள்ளி, சின்ன அரிசிப் பையில் கட்டினேன். ஊருக்கெல்லாம் லோடு ஏற்றுகிற நான், இரண்டு கை மணலை எடுத்துக் கொட்டிவிட்டுத்தான் அதை அவள் தோளில் வைத்தேன். எலும்பு முழுசாக முறிந்தால் அவள் ஓட்டம் அதோடு சரி. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்கினாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது. சதைதான், எலும்பு இல்ல."

"உனக்கு எப்டிம்மா தெரியும்?"

"காலைல தெரிஞ்சிடும் நைனா."

விடிந்தபின்னும் எலும்பில் வலி இருந்தால் ஏற்றியது அதிகம், இல்லாவிட்டால் சரி. அதுதான் அந்தப் பெண் சொல்லிக்கொடுத்த கணக்கு. இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு நாள் மறுநாள் காலையில்தான் முடிகிறது. என் முதுகு வலித்தாலும், இது கெடுக்கிற வலியா, தேற்றுகிற வலியா என்று யோசிக்கிறேன். தெரியவில்லை.

மணல் பை வைத்த மறுநாள் காலை ரேவதி குடத்தில் தண்ணீர் பிடித்து வந்தாள். எலும்பு வலிக்கவில்லை என்றாள். நான் மாமல்லபுரத்துக்கு லோடு ஏற்றிப் போனேன்.