கருஞ்சீரகம் தூவிய ரொட்டி

மஞ்சள் காமாலை கண்ட முதல் வாரத்தில் ஹிக்மத்துக்கு எதைப் பார்த்தாலும் குமட்டியது. மர்கிலான் நகரத்தில் எந்தத் தெருவில் எந்த வேளையில் ஜன்னலைத் திறந்தாலும் பருத்திக்கொட்டை எண்ணெய் காயும் புகை உள்ளே வரும். இருபத்தேழு வருடம் அந்தப் புகையை மோந்துதான் அவனுக்குப் பசி எடுத்தது. இப்போது அதே புகை தொண்டையில் ஈரத் துணியைத் திணித்தது போல் அடைத்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாயிருந்தது, சிறுநீர் கருந்தேநீர் போலிருந்தது, நாக்கில் துருவின் சுவை. தன் உடம்பைத் தானே தொடக் கூசினான்.

“கொழுப்பு கூடாது. ஒரு மாதம் படுக்கணும். தானாகவே இறங்கிடும்” என்றார் மருத்துவமனை டாக்டரம்மா. ஹிக்மத்துக்கும் அது தெரியும். ஏழாம் வகுப்புக்கு உயிரியல் எடுப்பவன் அவன். கல்லீரல் படத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டே வரைவான். செங்கல் சூளைக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் அவன் ஒருவன்தான்.

ஆனால் அவனுடைய அக்கா சாலிஹாவுக்கு டாக்டரம்மா போதவில்லை. கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள், ஒரு கெண்டை மீனை உயிரோடு கொண்டுவந்து, எனாமல் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி விட்டு, படுக்கையருகே வைத்தாள்.

“அதையே பாத்துக்கிட்டு இரு. உன் மஞ்சள அது எடுத்துக்கும்.”

“அக்கா, அது மீனு. டாக்டர் இல்ல.”

“படிச்சவன் வாய மூடிட்டுப் பாரு.”

பார்த்தான். வேறு வேலையும் இல்லை. நான்காம் நாள் மீன் வயிறு மேலே தெரிய மிதந்தது. நாற்றம் தாங்காமல் அவன் மனைவி முகய்யோ அதைக் குப்பையில் கொட்டினாள். அக்காவுக்கு ஒரே சந்தோஷம்: “பாத்தியா, எடுத்துக்கிச்சு.”

பத்தாம் நாள் மஞ்சள் கொஞ்சம் வெளுத்தது. அடுத்த வீட்டில் கல்யாணம். விடியற்காலைப் புலாவு விருந்துக்கு ஆண்கள் எல்லாரும் போனார்கள். சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று போன ஹிக்மத், மூன்று பிடி தின்றான். ஆட்டு வால் கொழுப்பு விரலிடுக்கில் வழிந்தது. மதியத்துக்குள் முற்றத்துத் திராட்சைப் பந்தலடியில் அத்தனையும் வெளியே வந்தது. கோழிகள் ஓடிவந்து கொத்தியதைப் பார்த்து இன்னொரு முறை வாந்தியெடுத்தான். மஞ்சள் திரும்ப ஏறியது. கூடவே உடம்பெல்லாம் அரிப்பு.

அந்த அருவருப்பான மாதத்திலும் சில நல்ல பொழுதுகள் இருந்தன. கற்கண்டு போட்ட பச்சைத் தேநீர். ஜன்னல் விளிம்பில் முகய்யோ அடுக்கி வைத்த சீமை மாதுளைகளின் மணம். பிற்பகல் வெயில் சரியாகப் பாதத்தில் வந்து விழும் அரைமணி நேரம். பள்ளி நூலகர் அனுப்பிய புத்தகக் கட்டிலிருந்த, முதல் முப்பது பக்கம் கிழிந்த கடற்பயண நாவல். கடலையே பார்த்திராத அவன், அந்த மாலுமி யார், ஏன் ஊரை விட்டு ஓடினான் என்று தெரியாமலே அவனோடு போய்க்கொண்டிருந்தான். எல்லாவற்றுக்கும் மேல், முகய்யோவின் ரொட்டி. தந்தூர் அடுப்பிலிருந்து எடுத்து, கருஞ்சீரகம் தூவிய முகம் மேலே தெரிய, சூடாக அவன் மடியில் வைப்பாள். ஒருநாள் அதன் உள்மாவைப் பிசைந்து உலர்திராட்சை வைத்து உருண்டைகள் செய்து தந்தாள். நன்றாயிருந்தது. இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றான்.

நாவல் முடிந்ததும் கட்டின் அடியில் பழுப்பேறிய சுகாதாரக் கையேடு ஒன்று கிடைத்தது. பழைய மூடநம்பிக்கைகள் பற்றியது. முகய்யோ பக்கத்தில் உட்கார்ந்து சீமை மாதுளை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளைச் சிரிக்க வைக்கலாமென்று உரக்கப் படித்தான்.

“இதக் கேளு. காமாலைக்காரனுக்கு உயிரோட இருக்கற பேனப் புடிச்சு, ரொட்டி உருண்டைக்குள்ள வச்சு, அவனுக்கே தெரியாமக் குடுப்பாங்களாம். தெரிஞ்சா பலிக்காதாம். எப்படிப்பட்ட ஜனம் பாரு.”

முகய்யோ சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

“தந்தூர்ல ரொட்டி இருக்கு” என்று எழுந்து போனாள்.

அன்று தந்தூர் மூட்டவே இல்லை.

அன்றிலிருந்து ஹிக்மத் அவள் கையால் எதையும் தின்னவில்லை. தானே உடைக்கிற வால்நட், தானே உரிக்கிற அவித்த முட்டை. ஓடு உள்ளதை மட்டும் நம்பினான். ரொட்டியைப் பார்த்தால் ஒவ்வொரு கருஞ்சீரகத்துக்கும் கால் முளைத்தது. அரிப்பெடுத்தால் தோலுக்கு உள்ளிருந்து ஊர்வது போலிருந்தது. போன வருடம்தான் மாணவர் தலைகளைச் சீப்பால் வாரிப் பார்த்து, பேனின் ஆறு கால்களையும் வண்ணச் சாக்பீஸில் வரைந்து பாடம் நடத்தியிருந்தான். அந்த ஆறு கால்கள் இப்போது தன் குடலுக்குள். அக்காவை நினைத்தால் அருவருப்பு, மனைவியை நினைத்தால் அருவருப்பு, இன்னொன்று கேட்டு வாங்கிய தன் வாயை நினைத்தால் எல்லாவற்றையும் விட அருவருப்பு.

ஐந்தாம் நாள் முகய்யோ ரொட்டியையும் தேநீரையும் அவன்முன் வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

“தெருவுல கேக்குறாங்க, ஏன் உம்புருஷன் வத்திப்போயிட்டாருன்னு. என் கையால சாப்பிடப் பிடிக்கலன்னா சொல்லிடுங்க. எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன்.”

“குடுத்தியா இல்லியா?”

“குடுத்தேன்.”

“நீயும் பள்ளிக்கூடம் முடிச்சவதானே?”

“முடிச்சேன். உங்க கண்ணு மஞ்சளாவே இருந்துச்சு. கல்யாணச் சோத்துக்கு அப்புறம் இன்னும் மோசமா இருந்துச்சு. அக்கா தீப்பெட்டியில கொண்டாந்தாங்க. இப்பல்லாம் பேனே கெடைக்கலியாம், மூணு கிராமம் அலைஞ்சாங்களாம். ஒரு வீட்டுல தொடப்பத்தாலயே அடிச்சு வெரட்டினாங்களாம்.”

“எத்தனை?”

“ஏழு.”

“ஏழும் எனக்கா?”

“அஞ்சு. ஒண்ணு பெட்டிலயே செத்துப்போச்சு.”

“இன்னும் ஒண்ணு?”

முகய்யோ ரொட்டியைப் பார்த்தாள்.

“நான் தின்னேன். விஷமா இருந்தா மொதல்ல எனக்குத் தெரியட்டுமேன்னு. விடியற வரைக்கும் வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒண்ணும் ஆகல. அதுக்கப்புறந்தான் உங்களுக்கு.”

ஹிக்மத்தின் வாயில் எச்சில் ஊறிப் புளித்தது. இருட்டில், திராட்சை கூட இல்லாத வெறும் மாவில் அதைப் பொதிந்து, கண்ணை மூடி விழுங்கிய அவள் தொண்டையை மனதுக்குள் பார்த்தான். குமட்டல் போகவில்லை. அவள் உடம்பு நோவில் கிடந்தால், அவளுக்கு முன் எதைத் தின்று பார்ப்பேன் என்று யோசித்தான். டாக்டரம்மா கொடுக்கும் மாத்திரையைக்கூடத் தின்று பார்க்க மாட்டான். அதோடு வரும் சீட்டில் எழுதியிருப்பதைப் படிப்பான்.

“இனிமே அக்கா எதக் கொண்டாந்தாலும் எங்கிட்ட சொல்லணும்.”

“சொன்னா பலிக்காது.”

“பலிக்க வேணாம்.”

அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பவில்லை. எதிரே உட்கார்ந்தாள். ஹிக்மத் ரொட்டியை எடுத்தான். நகத்தால் ஒவ்வொரு கருஞ்சீரகமாகச் சுரண்டி விரிப்பின்மேல் போட்டான். வெகுநேரம் ஆயிற்று; தேநீர் ஆறிப்போனது. பிறகு முகமெல்லாம் பள்ளமும் வடுவுமாயிருந்த அந்த ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு மென்றான். துப்பவில்லை.

முகய்யோ விரிப்பில் கிடந்த கருஞ்சீரகத்தை உள்ளங்கையில் கூட்டி எடுத்து, அவன் பார்க்கப் பார்க்க, தன் வாயில் போட்டுக்கொண்டாள்.