பிளசர் வண்டியின் பெட்ரோல் பம்பு

அப்பா வைத்திருந்த பழைய காரை எங்கள் பக்கத்தில் யாரும் கார் என்று சொன்னதில்லை. பிளசர் என்பார்கள். இந்த வைகாசியில் அந்த பிளசரை ஆலங்குடியிலிருந்து திருமயம் வரைக்கும், நாற்பது கிலோமீட்டர் சொச்சம், ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அண்ணன் மகளுக்குக் கல்யாணம். நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரைக்கும் ஆசை காட்டி ஏமாற்றுவது எனக்குப் பிடிக்காது.

அண்ணனும் நானும் பேசி ஒன்பது வருஷம். காரணம் இந்த வண்டிதான். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அண்ணன் வண்டியை விற்கப்போகிறார் என்று எவனோ சொன்னதை நம்பி, ஒரு வார்த்தை கேட்காமல் லாரியில் ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அவருக்கு விற்கும் எண்ணமே இருந்ததில்லை என்று பிறகு தெரிந்தது. அதற்குள் அவர் என்னைச் சொந்தக்காரர்கள் முன்னால் திருடன் என்று சொல்லியிருந்தார். நானும் சும்மா இருக்கவில்லை, அதைவிட மோசமாகத் திருப்பிச் சொன்னேன். அத்தனை சண்டை போட்டுக் கொண்டுவந்த வண்டியை ஓட்டினேனா என்றால் அதுவும் இல்லை. முந்திரிக்கொட்டை காயவைக்கும் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தேன். கோழி முட்டையிட்டது.

கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா என்று என் பெயர் இல்லை. ஆனால் பத்திரிகையைக் கொடுக்க அண்ணன் மகளே ஸ்கூட்டியில் வந்தாள். குடுமியான்மலையில் சாமி பாதத்தில் வைத்துவிட்டு நேராக வந்ததாகச் சொன்னாள். கூடவே ஒரு விபூதிப் பொட்டலத்தைக் கையில் வைத்தாள். "இத அப்பாதான் குடுக்கச் சொன்னாங்க" என்றாள். பிறகு காப்பியை ஆற்றிக்கொண்டே, "மாப்பிள்ளை அழைப்புக்கு தாத்தா வண்டிய நீங்களே ஓட்டிட்டு வந்தீங்கன்னா, அப்பா வேணாம்னு சொல்ல மாட்டாங்க சித்தப்பா. நான் கேட்டுட்டேன்" என்றாள்.

அவள் போன பிறகு நான் கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயை எடுத்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். மண்டப வாசலில் பெண் வீட்டார் வரிசையாக நின்று, வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்து, சந்தனமும் கல்கண்டும் நீட்டி உள்ளே அனுப்புவார்கள் அல்லவா, அந்த வரிசையில் நிற்க ஓர் இடம். நடக்கும் என்று நான் நம்பவில்லை. என் மனைவியும் நம்பவில்லை. "நீங்க மொத போய் நில்லுங்க. நெலமையப் பாத்துட்டுச் சொன்னா காலையில பஸ்ஸுல வாரேன்" என்றுதான் அவள் சொன்னாள்.

பேட்டரி, பிரேக், டயர் எல்லாம் ஒவ்வொன்றாகச் சரியாயின. பெட்ரோல் பம்பு மட்டும் வழிக்கு வரவில்லை. டாங்கியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இஞ்சினுக்கு அனுப்புகிற, கைக்குள் அடங்கும் சாமான். உள்ளேயிருந்த ரப்பர் தகடு அப்பளமாகப் பொரிந்து போயிருந்தது. புதுக்கோட்டையில் பழைய வண்டி பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். ரப்பர், ஸ்பிரிங், வால்வு எல்லாம் மாற்றி, கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில்தான் கையில் கொடுத்தார். இரண்டு வாயையும் துணியால் கட்டியிருந்தார். மாட்டுகிற வரைக்கும் துணியை அவிழ்க்காதீர்கள், வால்வுக்கு அடியில் ஒரு தூசி உட்கார்ந்தால் போதும், இழுக்காது என்று இரண்டு தடவை சொன்னார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அப்பா இஞ்சினுக்கு விபூதி பூசாமல் வண்டியை எடுக்க மாட்டார். அண்ணனும் அப்படியே. நான் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பவர்களைக் கண்டால், பழம் ஜூஸாகும், வண்டி ஓடுமா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிற ஆள். வாழ்க்கை முழுக்க அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

அன்று பம்பைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகையில் நின்றபோது எனக்குப் பயமாக இருந்தது. ஒன்பது வருஷத்தில் அண்ணன் எனக்குக் கொடுத்தனுப்பிய ஒரே பொருள் சட்டைப்பையில் இருந்தது. சுற்றிலும் பார்த்தேன், யாரும் இல்லை. துணியை அவிழ்த்தேன். பம்பைக் கல்மேல் நிறுத்தி, பொட்டலத்தைப் பிரித்து, அப்பா பூசுவதுபோலவே மூன்று விரலால் மேலிருந்து கீழாக இழுத்துப் பூசினேன். கொஞ்சம் உதிர்ந்தது. ஊதிவிட்டேன்.

மாட்டுவது பெரிய வேலை இல்லை. பம்பின் நெம்புகோலை இஞ்சினுக்குள் சாய்த்து விட்டு, இரண்டு நட்டை மாற்றி மாற்றி முடுக்கி, குழாய்களைப் பொருத்தினேன். கையால் பம்பை அடித்தபோது பெட்ரோல் ஏறுவது விரலில் தெரிந்தது. சாவி போட்டதும் நாலாவது உருட்டலில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இரண்டு ரவுண்டு போய் வந்தேன். மனைவி வாசலுக்கு வந்து நின்று பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குத் திருமயத்தில் கோயில் வாசலிலிருந்து மாப்பிள்ளையை ஏற்ற வேண்டும். இரண்டு மணிக்கே கிளம்பினேன். புதுக்கோட்டை தாண்டுகிற வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு வண்டி இருமியது, இழுத்தது, நின்றது.

வெயிலில் பெட்ரோல் சூடாகி ஆவியாகிவிட்டது என்று முடிவு கட்டினேன். பழைய வண்டி வைத்திருக்கிற எவனும் முதலில் அதைத்தான் நினைப்பான். பம்பு மேல் ஈரத்துணி சுற்றி, வேப்பமர நிழலில் அரைமணி நேரம் காத்திருந்தேன். கையால் பம்பு அடித்து எடுத்தால் அரை கிலோமீட்டர் ஓடும், மறுபடி நிற்கும். இப்படியே நாலு தடவை. போனவன் வந்தவன் எல்லாம் நின்று தண்ணீர் ஊற்றச் சொன்னான். நானும் ஊற்றினேன். ஐந்து மணிக்கு அண்ணன் மகள் போன் செய்தாள். "வந்துக்கிட்டே இருக்கேன்மா" என்றேன். ஐந்தே முக்காலுக்கு மறுபடி செய்தாள். எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போன் அடித்து ஓய்ந்த பிறகுதான் பம்பைக் கழற்றினேன். ரோட்டோரத்தில் பனியனை விரித்து, மூடியைத் திறந்து, வால்வுத் தகட்டை ஊசியால் தூக்கிப் பார்த்தேன். அடியில் சாம்பல் நிறத்தில் களிம்பாக அப்பியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். பெட்ரோல் நாற்றத்தையும் மீறி விபூதி மணத்தது.

எனக்கு யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. சாமி மேல் கோபப்பட நான் சாமியை நம்புகிறவனும் இல்லை. மைல்கல்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு பெட்ரோலில் கழுவித் துடைத்து, திரும்ப மாட்டினேன். வண்டி ஒரே உருட்டலில் பிடித்தது. மீதி தூரம் முழுவதும், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அப்பா காலத்தில்கூட அப்படி ஓடியதில்லை.

மண்டபத்துக்குப் போனபோது எட்டு மணி. வாசலில் பூச்சரம் சுற்றிய ஒரு வெள்ளைக் கார் நின்றது. மாப்பிள்ளையை அதில்தான் அழைத்து வந்திருக்கிறார்கள். நான் பிளசரை அதற்குப் பின்னால் நிறுத்திவிட்டு, கையிலிருந்த கறையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நடந்தேன்.

வாசல் மேசைக்குப் பின்னால் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. நெற்றியில் மூன்று பட்டை விபூதி. பக்கத்தில் அண்ணி, அண்ணியின் தம்பிகள், அவர்கள் பிள்ளைகள். வரிசை நிறைந்திருந்தது. அண்ணன் என்னைத் தாண்டி வண்டியைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"என்ன பண்ணுச்சு?" என்றார்.

விபூதி என்று எப்படிச் சொல்வது? அவர் கொடுத்ததைச் சொல்லி அவர்மேல் பழி போடுவதுபோல் ஆகிவிடும். நான் பூசினேன் என்றால் அவர் நம்பவும் மாட்டார், கிண்டல் என்று நினைப்பார். சாமியைப் பற்றி வாழ்க்கை முழுக்க நான் பேசிய பேச்சு அப்படி.

"பழைய வண்டிதானே அண்ணே. நின்னு போச்சு" என்றேன்.

சாக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். முகத்திலேயே தெரிந்தது. பன்னீர்ச் செம்பை எடுத்து என்மேல் தெளித்தார். சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்.

"வாங்க. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார்.

சந்தனத்தைத் தொட்டுக்கொண்டேன், கல்கண்டு எடுத்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் வந்தவருக்கும் அதே அளவு பன்னீர்தான் தெளித்தார். அவரிடமும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்வது காதில் விழுந்தது.

பந்தியில் உட்கார்ந்திருந்தபோது மனைவி போன் செய்தாள். காலையில் வரட்டுமா என்று கேட்டாள். பஸ்ஸில் கூட்டமாக இருக்கும், வேண்டாம் என்றேன்.