வாயு வாத்தியார்

லாசர் வாத்தியார் ஊரை மதித்ததே இல்லை. வாடிப்பட்டிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் விஞ்ஞானம் நடத்தியவருக்கு, ஊரே மண்டையில் களிமண்ணோடு திரிகிறது என்ற எண்ணம். மழைக்காகக் கழுதைக்குக் கல்யாணம் செய்தபோது சிரித்தார். மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வயலைச் சுற்றிய தன் கோயில் சனங்களைப் பார்த்து அதைவிட அதிகமாகச் சிரித்தார்.

1988-இல் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குப் பெரிய வரைபடம் ஒன்று எழுதி மாட்டினார். ஹவாய் மலையொன்றில் முப்பது வருஷமாகக் காற்றை அளக்கிறார்கள்; கரியமில வாயு ஏறிக்கொண்டே போகிறது. துருவத்துப் பனிக்கட்டிக்குள் அடைபட்ட பழங்காலக் காற்றில் இவ்வளவு இல்லை. மனுஷன் நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து ஏற்றியது இது. வெப்பத்தை வெளியே விடாது. பூமி சூடாகும், மழை தப்பும், கடல் ஏறும்.

சிறப்பு விருந்தினர் உக்கிரபாண்டி. செங்கல் காளவாசல் முதலாளி. லாரி லாரியாக நிலக்கரி எரிப்பவர். ஊர் அவர் பேச்சைத்தான் கேட்கும். அந்த ஒரு மண்டையில் ஏற்றிவிட்டால் போதும் என்பதுதான் வாத்தியாரின் ஆசை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

உக்கிரபாண்டி காது கொடுத்துக் கேட்டார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"வாயு கூடிப்போச்சாம்ப்பா! வாத்தியாருக்குக் கொஞ்சம் பெருங்காயம் கரைச்சுக் குடுங்க!"

கூரை பிய்த்துக்கொண்டு போகச் சிரித்தார்கள். தலைமையாசிரியரும் சேர்ந்து இளித்தார். அந்த நிமிஷத்திலிருந்து லாசருக்குப் பெயர் வாயு வாத்தியார். முதல் பரிசு, தீக்குச்சியில் ஒட்டிய கோபுரத்துக்குப் போனது.

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு லாசர் வெளியே வந்தபோது, உக்கிரபாண்டி காரில் ஏறப்போனார். வாத்தியாருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"செங்கல் சுட்டுச் சுட்டு உங்க மண்டையும் இறுகிப்போச்சுண்ணே. உங்களுக்கெல்லாம் இது விளங்காது."

"ஏன் விளங்காம? பனிக்கட்டிக்குள்ள இருக்குற காத்தச் சொன்னீக பாருங்க, அங்கனயே நம்பிட்டேன். நம்ம பேரப்பிள்ளைக படப்போற பாட்டை நெனச்சா பகீர்னு இருக்கு."

"அப்பறம் ஏன்ணே அம்புட்டுச் சிரிப்புச் சிரிச்சீக?"

"சிரிக்காட்டி காளவாசலை மூடணும்ல, வாத்தியாரே. வாரேன்."

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. முட்டாப்பயல் என்று திட்ட வாயெடுத்தார் லாசர், அந்த வார்த்தை இந்த ஆளுக்குப் பொருந்தவில்லை. விளங்காத சனங்கள் என்று திட்டித் திட்டித்தான் இத்தனை காலம் நிம்மதியாகத் தூங்கியிருந்தார். என்றைக்காவது விளங்கவைத்துவிடலாம் என்றொரு தெம்பு அதில் இருந்தது. இன்றைக்கு ஒருவனுக்கு நன்றாகவே விளங்கிவிட்டது.